தாழிக்காட்டில் ஒரு பகல்

புதையல் என்ற சொல் காதில் விழுந்தால் நம்மில் திரும்பிப் பாராதவர் இல்லை. பானை ஓடு என்று சொன்னால் நின்று கேட்பவர் இல்லை. ஆயினும் நம் நாட்டின் மிகப் பழைய சரித்திரத்தை ஆராய்கிறவர்கள் புதையலை நம்பி இருப்பதில்லை. பானை ஓட்டைத்தான் நம்பி இருக்கிறார்கள். இந்த விஷயத்தை நமக்கு நன்றாக மனத்தில் படும்படி எடுத்துக் காட்டியவர் பண்டிதர் எவரும் அல்லர். கோவில்பட்டிப் பேருந்து நிலையத்தில் நம் பக்கத்து இருக்கையில் வந்து அமர்ந்த கரிசல் காட்டுச் சம்சாரி ஒருவரே.

பெரியவருக்கு வயது எழுபதுக்கு மேல் இருக்கும். எட்டாவது வகுப்புப் படிக்கும் பேரன் கூட இருந்தான். பையன் கையில் கடலைமிட்டாய்ப் பொட்டலம்; பெரியவர் மடியில் பருத்தி விதைப் பை. எங்கே பிரயாணம் என்று அவர் விசாரித்தார். ஆதிச்சநல்லூருக்கு, முதுமக்கள் தாழிகளைப் பார்ப்பதற்கு என்று சொன்னோம்.

"அதைப் பார்க்கவா இம்புட்டுத் தூரம் போறீங்க? எங்க புஞ்சையிலேயே ஒண்ணு கிடக்கே!" என்றார் பெரியவர்.

நாம் நிமிர்ந்து உட்கார்ந்தோம். அவர் நிதானமாகச் சொன்னார். நாற்பது வருஷத்துக்கு முன்னால், புஞ்சையின் மேட்டுக் கோடியில் கிணற்றுக்குக் குழி எடுத்தார்களாம். ஓர் ஆள் மட்டத்தில் மண்வெட்டி 'ணங்' என்றதாம். பார்த்தால் ஒரு பெரிய பானையின் வாய். உள்ளே சின்னச் சின்னக் கலயங்கள். எலும்பு மாதிரி ஏதோ. பெரியவருடைய தகப்பனார் ஒரு சூடம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு, வந்த மண்ணை அப்படியே தள்ளி மூடிவிட்டு, கிணற்றை வேறு இடத்தில் தோண்டச் சொன்னாராம்.

"ஏன் அண்ணாச்சி, அதிகாரிகளுக்குத் தெரிவிக்கவில்லையா?" என்று கேட்டோம்.

"சொன்னா என்ன ஆகும் தம்பி? ஒரு பலகையை நடுவாங்க. சுத்திலும் கம்பி வேலி போடுவாங்க. அப்புறம் நான் எங்கே ஏர் பூட்ட? எனக்கு இருக்கிறதே ரெண்டு குறுக்கம். செத்தவங்களைக் காப்பாத்தப் போயி, இருக்கிறவங்க பட்டினி கிடக்க முடியுமா?"

இந்தக் கேள்விக்கு நம்மிடம் அப்போது பதில் இருக்கவில்லை. அதற்குள் திருநெல்வேலிப் பேருந்து வந்துவிட்டது. பெரியவரிடம் விடை பெற்றுக்கொண்டு ஏறினோம். கேள்வியும் நம்முடனே ஏறி உட்கார்ந்துகொண்டது.

கறுப்பிலிருந்து பச்சைக்கு

கோவில்பட்டியைத் தாண்டினால் கண்ணுக்கு எட்டிய வரையில் கரிசல். கோடையில் இந்த மண் வாய் பிளந்து கிடக்கும். வெடிப்புக்குள் கையை விட்டால் முழங்கை வரை போகும். ஐப்பசி மழை விழுந்துவிட்டாலோ காலைப் பிடித்துக்கொண்டு விடாது. வானத்தை நம்பிப் பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் விதைக்கிற சீமை இது. வழியிலே இடைசெவல் வருகிறது. கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் பிறந்த சிற்றூர். கிழக்கே சற்றுத் தொலைவில் பாரதியார் பிறந்த எட்டயபுரம். இன்னும் சிறிது தூரம் சென்றால் கயத்தாறு. 1799-ஆம் வருஷம் அக்டோபர் 16-ந் தேதி வீரபாண்டியக் கட்டபொம்மனை வெள்ளையர் தூக்கிலிட்ட ஊர்.

இவர்களெல்லாம் நமக்குப் பெயர் தெரிந்த முன்னோர்கள். நாம் போய்க்கொண்டிருந்ததோ பெயர் தெரியாத முன்னோர்களைக் காண்பதற்கு.

கங்கைகொண்டானுக்குப் பிறகு மண்ணின் நிறம் மாறுகிறது. திருநெல்வேலியை அடைந்ததும் பொருநை என்னும் தாமிரபருணி எதிர்ப்படுகிறாள். அங்கிருந்து திருச்செந்தூர் சாலை நதியின் தென்கரையோடு செல்கிறது. ஒரு பக்கம் வயலும் வாழையும். மற்றொரு பக்கம் சரளைக் கற்கள் நிறைந்த செம்மண் மேடு. சுமார் 24 கிலோமீட்டரில், ஸ்ரீவைகுண்டத்துக்குச் சற்று முன்பாகவே, அந்த மேடு உயர்ந்து விரிகிறது. ஊரார் அதைப் 'பரம்பு' என்கிறார்கள். தாழிக்காடு என்பதும் அதுவே.

பரம்பும் தாழியும்

பரம்பின் விஸ்தீரணம் ஏறத்தாழ 114 ஏக்கர். வெயிலில் நின்று பார்த்தால் புல்லும் முள்ளும் பருக்கைக் கற்களும்தான் தெரியும். பயிருக்கு உதவாத இந்த மேட்டை மாண்டவர்களுக்கு ஒதுக்கிவிட்டு, தண்ணீர் பாயும் நிலத்தை உயிரோடு இருப்பவர்களுக்கு வைத்துக்கொண்டார்கள் போலும், அக்காலத்தவர். மண்ணின் தரம் அறிந்தவர்கள் அவர்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

கல் மலிந்த சீமைகளில் பெரிய பலகைக் கற்களை நிறுத்தி, மேலே மற்றொரு பலகையை மூடிக் கல்லறை செய்தார்கள். கிருஷ்ணகிரிப் பக்கத்து மல்லச்சந்திரத்தில் அத்தகைய கல்திட்டைகளை இன்றும் குன்றின்மேல் காணலாம். கொங்கு நாட்டுக் கொடுமணலிலும் கல்வட்டங்களும் கல்லறைகளும் இருக்கின்றன. பொருநைக் கரையில் வழக்கம் வேறு. பரம்பின் சரளையையும் அடிப்பாறையையும் குடைந்து குழி செய்து, குழிக்குள் தாழியை இறக்கி, மேலே மூடி வைத்து, மண்ணை நிரப்பினார்கள். கல்லே உறையாகவும் மண்கலம் உள்ளறையாகவும் அமைந்துவிட்டன.

தாழி என்றால் நம் வீட்டுத் தானியக் குதிரைப் போன்ற பெரிய செம்மண் கலம்; அடி கூம்பி, வயிறு பருத்து, வாய் அகன்று இருக்கும். 2023-ஆம் வருஷம் ஆகஸ்டு 5-ந் தேதி இங்கே திறக்கப்பட்ட காட்சியிடத்தில், கண்ணாடித் தளத்தின் மேல் நின்றுகொண்டு, குழிகளில் இருந்தபடியே இருக்கும் தாழிகளை நாம் குனிந்து பார்க்கலாம். பார்த்தோம். எத்தனையோ காட்சிச்சாலைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் தாழி பார்த்தது உண்டு. அப்போதெல்லாம் அது ஒரு பாண்டமாகவே தோன்றியது. இங்கே, அது கிடந்த குழியிலேயே அதைக் காணும்போது, யாரோ ஒருவர் இதை மெல்லத் தாங்கி இறக்கியிருக்கிறார் என்ற எண்ணம் வருகிறது. பேச்சுத் தானாகவே தாழ்ந்துவிடுகிறது.

தாழிக்குள்ளே என்னென்ன வைத்தார்கள்? எலும்போடு சிறு கலயங்களும் மூடிகளும் கிண்ணங்களும் இருந்தன. இரும்பில் வாளும் ஈட்டியும் மண்வெட்டியும் இருந்தன. வெண்கலத்தில் நேர்த்தியான பாத்திரங்கள். அவற்றின் மூடிகளில் எருமை, ஆடு, பறவை முதலிய உருவங்கள். நெற்றியில் கட்டிக்கொள்ளும் மெல்லிய பொன் பட்டங்களும் சில குழிகளில் அகப்பட்டன. பல கலயங்களில் நெல் உமியும் சிறுதானிய உமியும் கண்டெடுக்கப்பட்டன. நேயர்கள் பொன்னைவிட்டு இந்த உமியின் மேல் சற்றுக் கவனம் செலுத்த வேண்டுகிறோம். ஆற்றங்கரை நெல்லும் வானம் பார்த்த பூமியின் தானியமும் ஒரே சீமையில் விளைந்து, ஒரே குழிக்குள் வழியனுப்பு உணவாகப் போயிருக்கின்றன.

இந்த வழக்கத்தை நம் இலக்கியமும் அறியும். புறநானூற்றின் 228-ஆம் பாட்டில் ஐயூர் முடவனார், கிள்ளிவளவனுடைய பெருமைக்கு ஏற்ற தாழியை வனைவது எப்படிச் சாத்தியமாகும் என்று குயவனிடம் கேட்கிறார். 256-ஆம் பாட்டில், கணவனை இழந்த ஒருத்தி, தனக்கும் சேர்த்து அகலமாகத் தாழி செய்யும்படி குயவனை வேண்டிக்கொள்கிறாள். மணிமேகலையும் பிணத்தைச் சுடுவோர், புதைப்போர், தாழியால் கவிப்போர் எனப் பலரையும் எண்ணிச் சொல்கிறது. பாட்டில் படித்துவிட்டுக் கடந்துபோன அந்தத் தாழி, இதோ காலடியில் இருக்கிறது.

எடுத்தவர்களும் எடுத்துச் சென்றவையும்

பரம்பை முதன்முதலில் ஆராய்ச்சிக்காகத் தோண்டியவர் நம் நாட்டவர் அல்லர். 1876-ல் பெர்லின் நகரத்திலிருந்து வந்த ஜாகோர் என்ற ஜெர்மானிய அறிஞர் தோண்டினார்; கிடைத்தவற்றைக் கப்பலேற்றிப் பெர்லின் காட்சிச்சாலைக்குக் கொண்டுபோனார். பின்னர், பாரிஸிலிருந்து லாப்பிக் என்பவர் வந்து தோண்டினார். 1899 முதல் 1905 வரை தொல்பொருள் இலாகாவைச் சேர்ந்த அலெக்ஸாந்தர் ரீ என்னும் ஆங்கிலேயர் பல பருவங்கள் முறையாகத் தோண்டி, ஆயிரக்கணக்கான பொருள்களை வெளியே எடுத்தார். அவற்றின் அட்டவணையை 1915-ல் புத்தகமாகவும் வெளியிட்டார். பொருள்கள் சென்னை எழும்பூர்க் காட்சிச்சாலைக்குச் சென்றன.

அதன் பிறகு நூறு வருஷ காலம் பரம்பு ஏறக்குறைய மறக்கப்பட்டுக் கிடந்தது. 2004-ல்தான் மத்தியத் தொல்பொருள் இலாகாவின் சத்தியமூர்த்தி அவர்கள் தலைமையில் மறுபடியும் தோண்டினார்கள். சிறிய பரப்பில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட தாழிகள் தென்பட்டன. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கடுக்காகப் புதைத்திருந்தார்கள். தலைமுறை தலைமுறையாக இதே மேட்டைத் தேடி வந்திருக்கிறார்கள் என்பது இதனால் விளங்கிற்று. ஒரு பானை ஓட்டில் பெண் உருவம், மரம், கொக்கு, மான், முதலை ஆகியவை மண்ணாலேயே ஒட்டிச் செய்யப்பட்டிருந்தன. பொருநைக் கரையை அன்று ஒரு குயவன் கண்ட விதம் அது.

ஆனால் இந்தத் தோண்டுதலின் கதையில் மனத்தை வருத்தும் பகுதியும் உண்டு. எடுத்த பொருள்களின் காலம் என்ன என்பது வருஷக்கணக்கில் சொல்லப்படவில்லை. மதுரை உயர்நீதிமன்றக் கிளை வரை வழக்குப் போயிற்று. மாதிரிகள் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டு, கி.மு. 905 முதல் கி.மு. 696 வரையிலான காலத்தவை என்ற முடிவு 2019-ல் வந்தது. 2004-ல் கிடைத்த பொருளுக்கு வயது தெரியப் பதினைந்து வருஷம்! பெர்லினுக்குப் போனவற்றை ஜெர்மானியர்களிடம் கேட்க வேண்டும் என்று நம்மவர்கள் பேசுகிறார்கள். கேட்பது நியாயமே. 2022 டிசம்பரில் ஜெர்மனி தேசத்தார் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டு வெண்கலச் சிற்பங்களில் இருபதை நைஜீரியாவுக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே, கேட்டால் கிடைக்காது என்பதற்கில்லை. ஆனால் ஊரில் இருப்பதைக் காக்கத் தெரிந்தவன் கேட்டால்தான் அந்தக் கேள்விக்கு மதிப்பு.

2020-க்குப் பிறகு நிலைமை மாறியிருக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அவ்வருஷத்து மத்திய அரசின் வரவு செலவுத் திட்டத்தில், நாட்டில் தேர்ந்தெடுத்த ஐந்து தொல்லிடங்களில் ஒன்றாக ஆதிச்சநல்லூர் இடம் பெற்றது. 2021-ல் மத்திய இலாகா மீண்டும் தோண்டத் தொடங்கிற்று. மறுபடியும் ஒரு பொன் பட்டம் கிடைத்தது.

ஒரு மூடி காத்த நெல்

ஆற்றுக்கு வடகரையில் சிவகளை என்று ஒரு சிற்றூர். அங்கேயும் பரம்பு உண்டு, தாழி உண்டு. அந்த ஊர்ப் பக்கத்துப் பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர் ஓடுகளையும் தாழிகளையும் கவனித்து, விடாமல் எடுத்துச் சொன்னதால்தான் உலகத்தின் கண் அந்தப் பக்கம் திரும்பிற்று. 2020-ல் மாநிலத் தொல்லியல் துறை அங்கே அகழத் தொடங்கியது. ஒரு தாழியின் மூடி உடையாமல் இருந்தது. அதனால் உள்ளே மண் புகவில்லை. நெல் அப்படியே இருந்தது. அந்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று சோதனையில் கண்டதாக 2021 செப்டம்பரில் சட்டசபையில் அறிவிக்கப்பட்டது. பிறகு, 2025 ஜனவரி 23-ந் தேதி வெளியான அறிக்கையில், சிவகளையில் இரும்பு கிடைத்த குழிகளின் காலம் கி.மு. 3345 முதல் கி.மு. 2953 வரை செல்வதாகச் சொல்லப்பட்டிருக்கிறது. இரும்பின் சரித்திரத்தையே திருப்பி எழுதும் எண்கள் இவை. இன்னும் பல இடங்களில் சோதனை செய்து உறுதி காண வேண்டும் என்று சொல்லும் அறிஞர்களும் இருக்கிறார்கள். அது தவறல்ல, உண்மை எதுவானாலும் மறு சோதனையால் அதற்குக் குறைவு வராது.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அத்தனை ஆராய்ச்சிக்கும் ஆதாரமாக இருந்தது உடையாத மூடி. யாராவது ஆவல் மிகுதியால் அதைத் திறந்திருந்தால் நெல் மண்ணோடு மண்ணாகியிருக்கும். தாழியை எடுத்துத் திண்ணையில் வைத்துவிட்டால், அது எந்த ஆழத்தில் இருந்தது, எதற்கு மேல் இருந்தது, பக்கத்தில் எந்தக் கரித்துண்டு கிடந்தது என்ற சாட்சிகளெல்லாம் போய்விடுகின்றன. பாக்கி இருப்பது ஒரு பானை மட்டுமே. தகப்பனார் மண்ணைத் தள்ளி மூடினார் என்றாரே நம் கோவில்பட்டிப் பெரியவர், அந்தத் தகப்பனார் தம்மை அறியாமலே ஒரு பெரிய உபகாரம் செய்திருக்கிறார்.

ஓர் அடி மண்

இனி, பெரியவருடைய கேள்விக்கு வருவோம். சொன்னால் நிலம் போய்விடுமா?

ஊர் திரும்பியதும் சட்டப் புத்தகத்தை எடுத்துப் புரட்டிப் பார்த்தோம். பழஞ் சின்னங்களைக் காப்பதற்காக 1958-ல் ஏற்பட்ட மத்தியச் சட்டம் இருக்கிறது. ஓர் இடத்தில் தாழி அகப்பட்டது என்பதனாலேயே அது பாதுகாக்கப்பட்ட இடம் ஆகிவிடாது. அரசாங்கம் முதலில் இரண்டு மாத அறிவிப்புக் கொடுக்க வேண்டும். சம்பந்தப்பட்டவர்கள் அந்தக் காலத்துக்குள் ஆட்சேபணை தெரிவிக்கலாம். அதைப் பரிசீலித்த பிறகே பிரகடனம். அப்படிப் பிரகடனம் செய்துவிட்டாலும், அந்த இடத்தில் பயிர்ச்செய்கை அடியோடு தடுக்கப்படவில்லை. 19-ஆம் பிரிவு, கட்டடம் கட்டுவதையும் கல் உடைப்பதையும் குழி தோண்டுவதையும் அனுமதியின்றிச் செய்யக்கூடாது என்கிறது. அதே பிரிவு, மேல்மண்ணில் ஓர் அடிக்கு மேற்படாமல் கிளறிச் செய்யும் சாகுபடிக்குத் தடை இல்லை என்றும் சொல்லுகிறது.

ஓர் அடி! நாட்டுக் கலப்பை அவ்வளவு ஆழம் போவதில்லை. பருத்திக்கும் கம்புக்கும் உழுகிற உழவு அதற்குள் அடங்கிவிடும். மேலே உள்ள ஓர் அடி மண் இருக்கிறவர்களுக்கு. அதற்குக் கீழே உள்ளது போனவர்களுக்கு. சட்டம் எழுதியவர் யாரோ, அறிந்தோ அறியாமலோ, பெரியவருடைய தகப்பனார் செய்த ஏற்பாட்டையே எழுதி வைத்திருக்கிறார்.

புதையல் சட்டம் ஒன்றும் 1878-லிருந்து இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள பொருள் பூமிக்குள் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்; மறைப்பது குற்றம். அரசாங்கம் அதை எடுத்துக்கொள்ள விரும்பினால், பொருளின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் விதிக்கிறது. சும்மா பிடுங்கிக்கொண்டு போவார்கள் என்ற பயம் சட்டத்தில் இல்லாத பயம்.

உண்மையான கஷ்டமே இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். பாதுகாக்கப்பட்ட இடத்தைச் சுற்றி 100 மீட்டர் வரையில் புதுக் கட்டடம் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்ட வேண்டும் என்று 2010-ல் சட்டம் இறுக்கப்பட்டிருக்கிறது. மகனுக்கு ஒரு வீடு கட்ட நினைக்கும் சம்சாரிக்கு அது சின்ன விஷயம் அல்ல. ஒரு காகிதத்துக்காக எத்தனை முறை பேருந்து ஏறுவது என்று அவர் அஞ்சினால் அதில் தவறு காண முடியாது. ஆகவே அரசாங்கத்தாருக்கு நமது விண்ணப்பம்: பலகை நடுவதற்கு முன்னால் ஊர்ச் சாவடியில் உட்கார்ந்து, எது கூடும், எது கூடாது என்பதைச் சம்சாரிகளுக்குத் தமிழிலே எடுத்துச் சொல்லுங்கள். இந்த ஓர் அடி விஷயத்தையாவது பலகையில் எழுதிப் போடுங்கள். தண்டனையை மாத்திரம் எழுதிய பலகை, சொல்ல வருகிறவன் வாயை அடைத்துவிடும்.

ஏனெனில் ஆபத்து இப்போது உழவனிடமிருந்து வரவில்லை. பரம்புகள் யாவும் சரளை மேடுகள். சாலைக்கும் கட்டடத்துக்கும் சரளை வேண்டும். மண்ணை அள்ளும் யந்திரம் ஒன்று ஒரு நாள் பகலில் எடுக்கும் ஆழத்தை ஏர்க் கலப்பை ஆயிரம் வருஷத்திலும் எடுக்காது. அந்த யந்திரத்தின் கரண்டியில் ஒரு தாழி அகப்பட்டால் 'ணங்' என்ற சத்தம்கூடக் கேட்காது. வண்டியில் மண்ணோடு மண்ணாகப் போய்விடும். அப்படிப் போவதைத் தடுக்கக்கூடியவர்கள், அங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்கள் மட்டுமே. அவர்கள் பயந்து பேசாமல் இருந்தால், காக்க வேண்டியவர்களுக்குக் காப்பது இன்னதென்றே தெரியாமல் போகும்.

ஆதலால் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் புஞ்சையிலோ கண்மாய்க் கரையிலோ பெரிய பானையின் வாய் தென்பட்டால், திறக்காதீர்கள், எடுக்காதீர்கள். மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, இடத்துக்கு ஓர் அடையாளம் வையுங்கள். கிராம நிர்வாக அதிகாரியிடம் எழுதிக் கொடுங்கள். அவரை அணுகத் தயக்கமாக இருந்தால் பள்ளிக்கூட ஆசிரியரிடம் சொல்லுங்கள். சிவகளையில் காரியம் அப்படித்தான் தொடங்கிற்று.

கோவில்பட்டிப் பேருந்து நிலையத்தில் சந்தித்த பெரியவரின் பெயரை நாம் கேட்டுக்கொள்ளவில்லை. ஊரையும் அவர் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததன் காரணம் நமக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அவருக்கு எட்டாவது வகுப்புப் படிக்கும் பேரன் ஒருவன் இருக்கிறான். இந்தப் பக்கம் எப்படியாவது அந்தப் பையன் கையில் போய்ச் சேர வேண்டும் என்று விரும்புகிறோம். தம்பி, தாத்தாவுக்குப் படித்துக் காட்டு. ஓர் அடி வரையில் உழலாம் என்று சொல். அதற்குக் கீழே கிடப்பவரும் நம் வீட்டுப் பெரியவர்தான் என்பதை அவருக்கு நீ சொல்ல வேண்டியதில்லை; சூடம் ஏற்றிக் கும்பிட்ட குடும்பத்துக்கு அது தெரியும்.